ட்ரைசூட் வாங்கும்போது முதலில் காலைப் பாருங்கள்

காசிமேட்டுக் கடலில் ட்ரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை, போட்டுக்கொண்டு இறங்கினால் ஆள் உள்ளேயே அவிந்துவிடுவான். நம் பக்கத்துத் தண்ணீர் வருடம் முழுக்க ஏறத்தாழ 26 முதல் 30 டிகிரிக்குள்தான் இருக்கும், அதற்கு மெல்லிய வெட்சூட்டே (தண்ணீர் உள்ளே வருகிற ரப்பர் உடை) அதிகம். அதனால் ட்ரைசூட்டைப் பற்றித் தமிழில் எழுத வேண்டிய தேவையே வராது என்றுதான் இருந்தேன். இப்போது வந்துவிட்டது. எண்ணூர்ப் பையன் ஒருவன், என் நண்பனுடைய தம்பி, பாண்டிச்சேரியில் டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு ஸ்காட்லாந்து போகிறான், அங்கேயும் டைவிங்கை விடப்போவதில்லையாம். "அண்ணே, பூட் ஒட்டின சூட் வாங்கறதா, சாக்ஸ் வெச்சத வாங்கறதா? ஷூவ இங்கியே பாரீஸ் கார்னர்ல வாங்கினா சீப்பா முடியுமா?" என்று வாய்ஸ் நோட் மேல் வாய்ஸ் நோட். வேலைக்காகச் சில வருடம் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்தபோது அங்கே ஒரு கிளப்போடு சேர்ந்து குளிர்தண்ணீரில் டைவ் அடித்த பழக்கம் எனக்கு உண்டு, அதனால் என்னைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவனைப் போலப் போகிறவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

சூட் வாங்குகிறவர்கள் ஜிப்பைப் பார்ப்பார்கள், கழுத்தில் தண்ணீர் புகாமல் இறுக்குகிற ரப்பர் சீல் எப்படி என்று பார்ப்பார்கள், துணி எத்தனை அடுக்கு, எந்த பிராண்ட், என்ன கலர் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் காலுக்குக் கடைசியாக வருவார்கள். என்னைக் கேட்டால் காலில்தான் ஆரம்பிக்க வேண்டும். ட்ரைசூட்டில் தொல்லை கொடுப்பது தண்ணீர் அல்ல, காற்று. அந்தக் காற்று போய்ப் பதுங்கினால் ஆபத்தாகிற இடம் பாதம்.

எப்படி என்றால், வெட்சூட்டில் வருகிற மாதிரி இதில் தண்ணீர் உள்ளே வராது, உடம்புக்கும் சூட்டுக்கும் நடுவில் இருப்பது காற்றும் உள்ளாடையும்தான். ஆழம் போகப் போக அந்தக் காற்று அமுங்கி சூட் உடம்பை இறுக்கும், டேங்க்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டு அதைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 பார், மேற்பரப்பில் 1 பார், அதனால் கீழே ஒரு லிட்டராக இருந்தது மேலே வரும்போது இரண்டு லிட்டராகிவிடும். அதை வெளியே விட ஒரு வால்வு உண்டு, பெரும்பாலும் இடது கையின் மேல்பகுதியில் இருக்கும். காற்று எப்போதும் சூட்டுக்குள் எந்த இடம் உயரமோ அங்கே ஓடும். நிமிர்ந்து நின்றால் தோளுக்குப் போகும், வால்வு வழியே சுலபமாக வெளியேறும். தலை கீழே போய்க் கால் மேலே ஏறிவிட்டால் மொத்தக் காற்றும் பாதத்துக்கு வந்துவிடும், அங்கே வால்வு கிடையாது. பூட் உப்பும், உப்பின பூட் காலை இன்னும் மேலே இழுக்கும், மேலே போகப் போகக் காற்று இன்னும் விரியும். பூட் தொளதொளவென்று இருந்தால் பாதம் அதிலிருந்து உருவிக்கொண்டு கணுக்கால் பக்கம் வந்து நின்றுவிடும், காலில் மாட்டியிருக்கிற ஃபின்னும் (நீந்துகிற துடுப்பு) கழன்று போய்விடும். ஃபின் இல்லாமல் தலைகீழாக மேலே போய்க்கொண்டிருக்கிறவன் எதை உதைத்துத் திரும்புவது? முழங்காலை நெஞ்சோடு இழுத்து, உருண்டு, தலையை மேலே கொண்டுவந்து வால்வைத் திறக்க வேண்டும் என்று ட்ரைசூட் கோர்ஸில் சொல்லிக்கொடுத்து, நீச்சல் குளத்தில் செய்தும் பார்க்க வைப்பார்கள். அந்தக் கோர்ஸைத் தவிர்க்காதீர்கள். ஆனால் பாதத்தைச் சுற்றிக் காற்றுக்கு இடமே கொடுக்காத பூட் இருந்தால் பாதித் தலைவலி அப்போதே போய்விடும்.

பழைய காலத்துச் செம்புத் தலைக்கவச டைவர்களின் படத்தில் காலைப் பார்த்திருக்கிறீர்களா? அகஸ்டஸ் சீபே 1830களில் மூடிய டைவிங் உடையைக் கொண்டுவந்த பிறகு அந்த வகை உடைக்கு ஈய அடி வைத்த பூட் கட்டுவது வழக்கமானது. ஒரு கால் பூட் மட்டும் ஏழெட்டு கிலோ. கடல் தரையில் நடப்பதற்கு என்பது ஒரு காரணம், கால் மேலே தூக்கிக்கொள்ளாமல் ஆள் நிமிர்ந்து நிற்க என்பது இன்னொன்று. உடைக்குள் காற்று இருக்கிற வரைக்கும் காலுக்கு இந்தக் கவலையும் இருக்கும்.

சரி, இப்போதைய கடைக்கு வருவோம். சூட்டின் கால் பக்கம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் ரப்பர் பூட்டையோ நியோப்ரீன் என்கிற நுரை ரப்பரில் செய்த பூட்டையோ சூட்டோடு நிரந்தரமாக ஒட்டியிருப்பார்கள். பார்ப்பதற்கு ஐஸ் உடைக்கிறவர்கள் போடும் கம்பூட்டைக் கொஞ்சம் மெலிய வைத்த மாதிரி இருக்கும். காலை விட்டால் வேலை முடிந்தது. இன்னொன்றில் சூட் வெறும் சாக்ஸோடு முடிந்துவிடும், நியோப்ரீன் சாக்ஸோ சூட்டின் அதே துணியில் தைத்ததோ. அதன் மேல் தனியாக லேஸ் கட்டுகிற கெட்டியான பூட் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். அதை அங்கே ராக் பூட் என்பார்கள்.

ஒட்டின பூட்டின் பெரிய சௌகரியம் சோம்பேறித்தனத்துக்கு ஏற்றது என்பதுதான், நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆடுகிற படகில், விறைத்துப்போன விரலை வைத்துக்கொண்டு, மூன்று அடுக்கு உள்ளாடையோடு குனிந்து லேஸ் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று. வயிறு முட்டும், கழுத்து சீல் இறுக்கும், முகம் சிவந்துவிடும், பக்கத்தில் இருக்கிறவன் ஏற்கெனவே டேங்க் மாட்டிக்கொண்டு ரெடியாக உட்கார்ந்திருப்பான். குறையும் உண்டு. பூட்டின் அளவு ஃபேக்டரியில் முடிவானது, உங்கள் கால் அந்த அளவுக்குச் சரியாக இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. கணுக்கால் பக்கம் இறுக்கிக்கொள்ள வழியில்லாததால் அங்கே காற்று தங்கும். பூட் கிழிந்தால் மொத்த சூட்டையும் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும்.

சாக்ஸ் வைத்ததில் எனக்குப் பிடித்ததே லேஸ்தான். கீழிருந்து மேலே ஒவ்வொரு வரிசையாக இழுத்துக் கட்டும்போது சாக்ஸுக்குள் இருக்கிற காற்று மேலே போய்விடும், கணுக்காலைச் சுற்றி இடமே இருக்காது, தலைகீழாகப் போனாலும் பாதம் உருவிக்கொள்ளாது. கட்டி முடித்த லேஸ் நுனியைக் கண்டிப்பாக உள்ளே செருகிவிட வேண்டும், அல்லது மேலே வெல்க்ரோ மடிப்பு வைத்த பூட்டாக வாங்க வேண்டும். கப்பல் சிதைவுகளில் பழைய மீன்பிடி நூலும் கம்பியும் கிடக்கும், தொங்குகிற லேஸ் அதில் மாட்டிக்கொண்டால் கீழே உட்கார்ந்து முடிச்சு அவிழ்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

சாக்ஸுக்கு எதிரி மணல். பூட்டுக்குள் ஒரே ஒரு கரடுமுரடான கல்துகள் கிடந்தால் போதும், டைவ் முழுக்க உதைக்கிற உதையில் அது சாக்ஸைத் தேய்த்துக்கொண்டே இருந்து ஊசித் துளை போட்டுவிடும். அதனால் போடுவதற்கு முன்னால் பூட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கை விட்டுத் துழாவுங்கள், சாக்ஸோடு கடற்கரையில் ஒரு அடிகூட நடக்காதீர்கள். சாக்ஸ் காலைவிட மிகப் பெரிதாக இருந்தாலும் கஷ்டம்தான். பூட்டுக்குள் அது மடிந்துகொண்டு, அந்த மடிப்பு பாதத்தில் கோடு கோடாகப் பதியும், சாக்ஸும் முதலில் அந்த மடிப்பில்தான் தேயும்.

பையன் கேட்டதற்கு என் பதில் சாக்ஸ் வைத்த சூட்தான். அடிக்கடி ஊர் மாறுகிற மாணவன், சூட் தனி, பூட் தனி என்றால் பெட்டியில் வைக்கவும் சுலபம். பூட் பெட்டியில் ஏறவில்லையென்றால் காலில் மாட்டிக்கொண்டே விமானம் ஏறலாம், நான் ஏறியிருக்கிறேன். செக்யூரிட்டியில் கழற்றச் சொல்வார்கள், பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

ஷூ இங்கேயே வாங்கலாமா என்ற கேள்விக்கு: ராக் பூட்டை அங்கே போய் வாங்குவதே நல்லது, சூட்டைப் போட்டுக்கொண்டே அளவு பார்க்க முடியும். ஆனால் ஒரு மலிவான வழி இருக்கிறது. குகை டைவர்கள் பலர் ராக் பூட்டே போடுவதில்லை, கணுக்காலை மூடுகிற சாதாரண கேன்வாஸ் ஷூவைச் சாக்ஸுக்கு மேல் கட்டிக்கொண்டு போகிறார்கள். அடி மெலிதாக இருப்பதால் ஃபின்னுக்குள் சுலபமாக நுழையும், தண்ணீர் தானாக வடியும், தொலைந்தாலும் வயிறு எரியாது. அந்த மாதிரி ஷூ வண்ணாரப்பேட்டையில் கிடைக்காமலா போகும்? லேஸ் ஓட்டையில் இரும்பு வளையம் வைத்தது வேண்டாம், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து சாக்ஸில் கறையாகும், கூர் வந்தால் கிழிக்கவும் செய்யும். கல் நிறைந்த கரையில் இறங்குகிறவர்களுக்கும் இது வேண்டாம், அடி வழியாக ஒவ்வொரு கல்லும் குத்தும்.

அளவைப் பற்றி ஒரு நல்ல செய்தி. நம் ஊர் ஷூ நம்பரும் பிரிட்டிஷ் நம்பரும் ஒன்றுதான், இங்கே 8 போடுகிறவர்களுக்கு அங்கேயும் 8. ஐரோப்பிய நம்பரில் அது ஏறத்தாழ 42, அமெரிக்க நம்பரில் 9. ஆனால் ட்ரைசூட் பூட்டுக்கு இந்த நம்பரை மட்டும் நம்பக்கூடாது, உள்ளே போடுகிற கம்பளி சாக்ஸ், அதற்கு மேல் சூட் சாக்ஸ் எல்லாம் சேர்ந்தால் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு நம்பர் கூடும். சாயங்காலமாகப் போய்ப் போட்டுப் பாருங்கள், காலையில் இருப்பதைவிடக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். போட்ட பிறகு குந்தி உட்காருங்கள், நுனிக்காலில் எழுந்து நில்லுங்கள், விரலை உள்ளே ஆட்டிப் பாருங்கள். விரல் ஆட வேண்டும், குதிகால் தூக்கக்கூடாது.

விரல் ஆட வேண்டும் என்று சொல்வது சும்மா இல்லை. குளிருக்குப் பயந்து மூன்று சாக்ஸைத் திணித்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் முதலில் கால் விறைக்கும். கம்பளி சூடு கொடுப்பதில்லை, தன் இழைகளுக்கு நடுவில் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு நம் உடம்பின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது, அவ்வளவே. அதை நசுக்கினால் காற்றும் போச்சு, ரத்த ஓட்டமும் குறைந்துபோச்சு. இதோடு இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீரில் நிமிர்ந்து நின்றால் நெஞ்சுக்கும் பாதத்துக்கும் ஒன்றே கால், ஒன்றரை மீட்டர் ஆழ வித்தியாசம், அதனால் பாதத்தில் அழுத்தம் அந்த அளவுக்குக் கூடுதலாகி அங்கிருக்கிற காற்று மேலே ஏறிவிடும், பூட் காலோடு ஒட்டிக்கொள்ளும். படுத்த நிலையில் மிதக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குக் காற்று உடம்பு முழுக்கப் பரவும், பாதத்துக்கும் கொஞ்சம் கிடைக்கும். காலில் குளிர்கிறது என்று புது சாக்ஸ் தேடுகிறவர்களில் பாதிப் பேர் தண்ணீரில் படுக்கிற விதத்தைத் திருத்தினாலே போதும். சாக்ஸ் என்று பார்த்தால் உள்ளே வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற மெல்லிய செயற்கை இழை ஒன்று, அதன் மேல் கெட்டிக் கம்பளி ஒன்று. இங்கிருந்து பருத்தி சாக்ஸ் டஜன் கணக்கில் எடுத்துப் போகாதீர்கள், வியர்வையில் நனைந்தால் அது காயவே காயாது, ஈரத்தோடு கால் ஜில்லிட்டுவிடும்.

பூட்டின் அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் படகு டைவ் என்றால் எல்லோரும் ஆசைப்படுகிற இடம் ஆர்க்னி தீவுகளில் இருக்கிற ஸ்காபா ஃப்ளோ. முதல் உலகப்போர் முடிந்து அங்கே நிறுத்திவைத்திருந்த 74 ஜெர்மன் கப்பல்களை 1919 ஜூன் 21 அன்று அவர்களே மூழ்கடிக்கப் பார்த்தார்கள், 52 மூழ்கின. அந்த உத்தரவு கொடுத்த அட்மிரல் அப்போது இருந்த கப்பலின் பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் டேங்க்குகளைச் சுட்டுக் கொளுத்தியதே, அதே எம்டன் இல்லை. அது அந்த வருடமே நவம்பரில் கோகோஸ் தீவு பக்கம் முடிந்துபோனது, இது அதன் பெயரை வைத்துக் கட்டின அடுத்த கப்பல். இந்த எம்டன் மூழ்கவும் இல்லை, பிரிட்டிஷார் கரை தட்ட வைத்துவிட்டார்கள். ராயபுரத்துப் பாட்டிமார்கள் எம்டன் கதை சொல்லி வளர்த்த பிள்ளைகளுக்கு ஸ்காபா ஃப்ளோவில் படகு நிற்கும்போது இதெல்லாம் ஞாபகம் வராமல் இருக்காது.

அந்தப் படகுத் தளத்தில் முதுகில் முப்பது நாற்பது கிலோவோடு நடக்க வேண்டும், உப்புத் தண்ணீரும் பாசியும் சேர்ந்து வழுக்கும். அடி ரப்பர் மென்மையாக, ஆழமில்லாத பள்ளங்களோடு இருந்தால் பிடிக்கும். கட்டட வேலைக்குப் போடுகிற சேஃப்டி ஷூ மாதிரி கெட்டியான, பெரிய பெரிய பல் வைத்த அடி மண்ணுக்குத்தான் லாயக்கு. ஈரமான மீன்பிடித் துறைமுகத் தரையில் எந்தச் செருப்பு வழுக்கும், எது வழுக்காது என்று காசிமேட்டில் ஐஸ் பெட்டி தள்ளுகிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

பூட் முடிவாகாமல் ஃபின் வாங்காதீர்கள். பாண்டிச்சேரியில் வாங்கின ஃபின் அங்கே உதவாது, அது வெறுங்காலுக்கோ பூட்டி என்கிற மெல்லிய டைவிங் ஷூவுக்கோ செய்தது. குதிகால் திறந்து பட்டை வைத்த ஃபின்தான் வேண்டும், கால் நுழைகிற பை அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். முழுக் காலும், அதாவது சாக்ஸ், சூட், பூட் எல்லாம் போட்ட பிறகு, ஃபின்னை மாட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டி ஆட்டிப் பாருங்கள். பாதத்தின் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஆடினால் கழன்றுவிடும். ஸ்காபா ஃப்ளோவில் பலர் கால்களில் இன்னும் ஸ்கூபாப்ரோவின் ஜெட் ஃபின்தான் இருக்கும், 1960களில் வந்த டிசைன். கனத்த ரப்பர், தண்ணீரில் மூழ்கும், கால் மேலே மிதப்பவர்களுக்கு அந்த எடையே மருந்து. இலேசான பிளாஸ்டிக் ஃபின்னை வாங்கிவிட்டு அப்புறம் கணுக்காலில் ஈயக்குண்டு பட்டை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை. ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும், ஃபின்னே கனமாக இருந்தால் அந்தப் பட்டை எதற்கு? ரப்பர் பட்டைக்குப் பதில் ஸ்பிரிங் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், கெட்டிக் கையுறையோடு பக்கிள் தேட வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் நான் ஒட்டின ரப்பர் பூட்டுக்கு மாறிவிடுவேன். 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினபோது கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கருப்புப் பிசின் எதில் பட்டாலும் போகாது. அப்படிப்பட்ட அழுக்குத் தண்ணீரில் வேலை செய்கிற டைவர்கள் வழுவழுப்பான வல்கனைஸ்டு ரப்பர் சூட் போடுவது இதனால்தான், பூட்டும் அதோடு ஒன்றாக இருக்கும், மேலே வந்ததும் ஆளோடு சேர்த்துக் கழுவிவிடலாம். துணியும் லேஸும் நியோப்ரீனும் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம்ம ஊரில் ட்ரைசூட்டுக்கு வேலை இருக்கிறது என்றால் அது குளிருக்காக அல்ல, இதற்காகத்தான்.

ஊருக்கு வரும்போது சூட்டை எடுத்து வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், பூட் மேலே வருகிற மாதிரி தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். நான் ஒருமுறை தண்டையார்பேட்டையில் மாடிப்படி நிழலில் தொங்கவிட்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஆளு தலைகீழா தொங்கறான், உசுரோட கீறானா?" என்று கேட்டார். தனி பூட்டுக்குள் தினத்தந்தியைக் கசக்கித் திணித்துவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சாக்ஸில் துளை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கழுத்தையும் கையையும் அடைத்து, சூட்டில் காற்று நிரப்பி, சாக்ஸ் மேல் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். துளையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நன்றாகக் காய வைத்து, உள்பக்கம் பசை தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் சூட் பார்க்கிற பையனுக்கும் மற்றவர்களுக்கும்: விற்கிறவர் போட்டோவில் மார்பையும் லோகோவையும்தான் காட்டுவார். பாதத்தின் அடியை, குதிகாலை, பூட்டும் சூட்டும் சேருகிற டேப்பை நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேரில் கிடைத்தால் ரப்பரை இரண்டு விரலால் மடித்து வெளிச்சத்தில் பாருங்கள், மெல்லிய வெடிப்பு தெரிந்தால் விலையில் பூட் மாற்றுகிற செலவைக் கழித்துக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த சூட்டைப் பாருங்கள், அங்கே குளிர்காலத்தில் நிறைய வரும்.